கையில்லாத சட்டை

நேற்று மாலை மகளை முகாமிலிருந்து கூட்டி வந்தோம். தீக்காயம் பட்ட குழந்தைகளுக்காகக் கலிபோர்னியாவில் கோடைதோறும் நடக்கும் ‘சாம்ப் கேம்ப்’. 1971 முதல் இயங்கும் அலிசா ஆன் ரூச் அறக்கட்டளை நடத்துகிறது. ஒரு வாரம், கட்டணமே கிடையாது. தீயணைப்பு வீரர்களும் செவிலியர்களும் தங்கள் விடுப்பைப் போட்டுவிட்டு வந்து பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அவர்கள் கையைப் பிடித்து நன்றி சொல்லும்போது எனக்குப் பேச்சு வரவில்லை.

மூன்று வயதில் கொதிக்கும் ரசம் அவள் மேல் கொட்டியது. வலது தோளிலிருந்து மணிக்கட்டு வரை. தழும்பு தடிக்காமலிருக்க இறுக்கமான அழுத்த உடை, நாளுக்கு 23 மணி நேரம், ஒன்றரை வருடம். குளிக்க மட்டும்தான் கழற்றுவோம். அதெல்லாம் முடிந்தும் முழுக்கைச் சட்டையை அவள் விடவேயில்லை. நீச்சல் வகுப்பு என்றால் அன்று வயிற்றுவலி வந்துவிடும்.

முகாமில் விட்ட அன்று, அறுவை சிகிச்சையில் வேறு தோல் வைத்து ஒட்டிய இடத்தில் வியர்க்காது, வெயிலில் உடம்பு சூடாகிவிடும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். செவிலியர் பொறுமையாகப் படித்துவிட்டு, “இங்கே நிறைய பிள்ளைகளுக்கு அப்படித்தான், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார். இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் நான் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காரில் வரும்போது சொன்னாள்:

“அம்மா, நீச்சல் குளத்துல யாருமே கேக்கலம்மா.”

“என்னடா கேக்கல?”

“கைக்கு என்னாச்சுன்னு. ஒரு அக்கா மட்டும் அவங்க தழும்ப காட்டினாங்க. நானும் காட்டினேன். அப்புறம் சாப்பிடப் போயிட்டோம்.”

இன்று காலை கடைக்குக் கிளம்பும்போது கையில்லாத மஞ்சள் சட்டையோடு வந்து நின்றாள். சன்ஸ்கிரீன் தடவச் சொல்லி வலது கையை நீட்டினாள்.