செவ்வாயை வைத்து பூமியை அளந்தவர்

ஜனவரி 4, 2025, நாகமலை புதுக்கோட்டை

இன்று பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.71 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கிறது. மார்கழிக் குளிரில் இதைச் சொன்னால் வீட்டில் யாரும் நம்பவில்லை. கிட்டே வரவர பூமியின் ஓட்டமும் கூடும்: இப்போது விநாடிக்கு சுமார் 30.3 கி.மீ., ஜூலையில் 29.3. இந்த ஓட்டம் ஒரே சீரானதில்லை என்று அளந்து காட்டியவர் ஜெர்மன் வானியலாளர் கெப்ளர். அவர் பேரை எடுத்தாலே எல்லாரும் கிரகங்களின் பாதை நீள்வட்டம் என்ற அவர் கண்டுபிடிப்புக்குப் போய்விடுகிறார்கள், எனக்கோ அதற்கு முந்தைய இந்த வேலைதான் பெரிதாகத் தெரிகிறது.

ஜனவரி 11

1600-ல் பிராகில் டைக்கோ பிராகி என்ற வானியலாளரிடம் சேர்ந்த கெப்ளருக்கு வாய்த்த கிரகம் செவ்வாய். மறு வருஷமே டைக்கோ இறந்துவிட, தொலைநோக்கி இல்லாமல் அவர் எடுத்து வைத்திருந்த அளவுகள் இவர் கைக்கு வந்தன. வட்டப்பாதை என்று வைத்துப் போட்ட கணக்கு 8 நிமிடக் கோணம் (ஒரு பாகைக்கு 60 நிமிடம்) தப்பியது. முழு நிலவின் அகலத்தில் கால்வாசிதான்! டைக்கோவின் அளவில் அவ்வளவு பிழை வராது என்று, பாடுபட்டுப் போட்ட அந்தக் கணக்கையே தள்ளி வைத்தார்.

ஜனவரி 14, பொங்கல்

அவனியாபுரம் ஜல்லிக்கட்டு முடிந்து அக்கா குடும்பம் அப்படியே இங்கே வந்துவிட்டார்கள். ராத்திரி மொட்டை மாடியில் நிலவுக்குப் பக்கத்தில் செவ்வாய், புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களை ஒட்டி, நல்ல சிவப்பு. "மாமா, நாமளே சுத்திக்கிட்டு இருக்கோம், நம்ம பாதையை எப்படி அளக்குறது?" என்றாள் அக்கா மகள். சரியான கேள்வி.

செவ்வாய் ஒரு சுற்று முடிக்க 687 நாள். அப்போது அது பழைய இடத்துக்கே வந்திருக்கும், பூமி மட்டும் இரண்டாவது சுற்றில் 43 நாள் பாக்கியோடு வேறு இடத்தில் நிற்கும். டைக்கோவின் குறிப்புகளில் 687 நாள் இடைவெளி உள்ளவற்றைக் கெப்ளர் தேடி எடுத்தார். நிலம் அளப்பவர் நட்ட கல்லைப் பார்த்துத் தான் நிற்கும் இடத்தைக் குறிப்பதுபோல, சூரியனையும் செவ்வாயையும் வைத்து பூமி நின்ற இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்தார்.

ஜனவரி 15

பூமியின் பாதை சரியான பிறகுதான் செவ்வாயின் பாதை பிடிபட்டது. முட்டை வடிவத்தையும் போட்டுப் பார்த்து, அப்புறம்தான் நீள்வட்டம். 1609-ல் புத்தகமாக வந்தது.

நேற்றிலிருந்து 687 நாள் என்றால் 2026 டிசம்பர் 2. அன்று செவ்வாய் இதே இடத்தில் இருக்கும், ஆனால் நமக்கு மகம் நட்சத்திரத்துப் பக்கம் தெரியும், நள்ளிரவு வாக்கில்தான் உதிக்கும். அக்கா மகளிடம் தேதியைக் குறித்துக் கொடுத்திருக்கிறேன், இரண்டு நாளிலும் பூமியிலிருந்து செவ்வாய்க்குப் போகும் கோடுகளை அவளே தாளில் போட்டுப் பார்க்கட்டும்.