ஈடிபஸ்: விதியா குணமா என்று கேட்பதற்கு முன்

தீப்ஸ் நகர மன்னன் ஈடிபஸ், யாரென்று அறியாமல் தன் தந்தை லாயஸைக் கொன்றவன், தாய் ஜொகாஸ்டாவை மணந்தவன்; ஊரில் கொள்ளைநோய் பரவ, லாயஸைக் கொன்றவனைத் தேடிப்போய், அது தானே என்று கண்டு கண்களைக் குத்திக்கொள்கிறான். ஈடிபஸ் என்று பேச்செடுத்தாலே வருகிற கேள்வி ஒன்றுதான்: அவன் கெட்டது விதியாலா, குணத்தாலா? இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கிரேக்க நாடக ஆசிரியர் சோஃபக்ளீஸின் 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தில் பாதி கைநழுவிப் போய்விடும். அதைவிட ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் டெல்ஃபி வாக்கு, அதாவது டெல்ஃபி கோயிலில் அப்பல்லோ தெய்வத்தின் குறி, சொன்னவை. இரண்டாவதில், திரை விலகுவதற்குப் பல வருடம் முன்பே அவன் அறியாமல் செய்து முடித்தவை. மூன்றாவதில் மேடையில் நம் கண்முன் செய்பவை.

முதல் கட்டம் சிறியது. மகன் கையால் சாவாய் என்று லாயஸுக்கு வந்த வாக்கு (வரி 711–714). தந்தையைக் கொல்வாய், தாயைக் கூடுவாய் என்று ஈடிபஸுக்கே வந்த வாக்கு (787–793). இரண்டிலும் நிபந்தனை இல்லை. கி.மு. 467இல் இன்னொரு நாடக ஆசிரியர் ஈஸ்கிலஸ் மேடையேற்றிய 'தீப்ஸுக்கு எதிரான எழுவர்' நாடகத்தில் நிலைமை வேறு. பிள்ளை பெறாமல் செத்தால்தான் ஊர் பிழைக்கும் என்று அப்பல்லோ மூன்று முறை சொல்லியும் லாயஸ் மீறுகிறான். சோஃபக்ளீஸ் அந்தக் கணக்கையே எடுத்துவிட்டார். எனவே 'அப்பன் செய்த பாவம்' என்று இந்த நாடகத்துக்கு விளக்கம் எழுதுவது, இன்னொரு நாடகத்தின் விடையை இங்கே ஒட்டுவதாகும்.

விதி என்று நாம் சொல்லும் மொய்ரா என்ற கிரேக்கச் சொல்லையும் கவனித்துப் பெயர்க்க வேண்டும். அதற்குப் பங்கு, அளந்து வைத்த கூறு என்று பொருள். 'ஊழ்வினை' என்று போட்டால் முற்பிறவிக் கணக்கும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஈடிபஸ் தீர்க்க வேண்டிய பழைய பிறவிக் கடன் எதுவும் நாடகத்தில் இல்லை.

இரண்டாவது கட்டத்தில் முச்சந்திக் கொலையை (800–813) வார்த்தை வார்த்தையாகப் படிக்க வேண்டும். எதிரே வண்டியில் வந்த லாயஸும் அவர் ஆட்களும், வழியை விட்டு விலகச் சொல்லி ஈடிபஸைத் தள்ளுகிறார்கள். தள்ளிய வண்டிக்காரனை இவன் கோபத்தில் அடிக்கிறான். வண்டியில் இருந்த கிழவர் லாயஸ், இவன் பக்கத்தில் வரும்வரை காத்திருந்து, இரட்டை முனைத் தார்க்குச்சியால் உச்சந்தலையில் போடுகிறார். பதிலுக்குக் கைத்தடியால் ஒரே அடி. அவர் மல்லாந்து உருள்கிறார். "அவர் கொடுத்ததற்குச் சரியாக அல்ல, மேலாகவே வாங்கினார்" என்று ஈடிபஸே சொல்கிறான். பிறகு, எல்லோரையும் கொன்றேன் என்கிறான். ஆனால் ஐவரில் ஒருவன் தப்பியிருந்தான்.

இங்கே குணம் தெரிகிறதா? தெரிகிறது, சூடான ரத்தம்தான். ஆனால் அதே வேகம்தான் தீப்ஸை வாட்டிய அரக்கி ஸ்ஃபிங்ஸின் புதிரை அவிழ்த்து ஊரைக் காப்பாற்றியது. கெட்டது நடந்த இடத்தில் மட்டும் அதைக் 'குறை' என்று பெயரிடுவது நியாயமில்லை. துன்பியல் நாயகன் வீழ்வதற்குக் காரணமாக அரிஸ்டாட்டில் சொன்ன ஹமார்த்தியா குணக்குறையைக் குறிக்கும் சொல்லே அல்ல. எறிந்த ஈட்டி குறி தவறுவதற்கு ஹோமர் பயன்படுத்தும் வினைச்சொல்லிலிருந்து வந்தது அது. அந்தக் கிழவர் யார் என்று தெரியாததுதான் இங்கே குறி தவறிய இடம்.

ஏதென்ஸ் பார்வையாளர்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. அவர்கள் ஊரில் திட்டமிட்ட கொலையை அரியோபாகஸிலும், தெரியாமல் நேர்ந்ததைப் பல்லேடியனிலும், சட்டம் அனுமதித்த கொலையை டெல்ஃபீனியனிலும் என்று தனித்தனி நீதிமன்றங்களில் விசாரித்தார்கள். இந்த விசாரணைகளுக்கு அப்பால் மியாஸ்மா என்று ஒன்று இருந்தது. தமிழில் அதற்குத் தீட்டு என்பதைவிட நல்ல சொல் கிடையாது. சாவு வீட்டுத் தீட்டு, குற்றவாளியா என்று கேட்டுவிட்டு ஒட்டுவதில்லை. தீப்ஸில் பரவிய கொள்ளைநோய்க்குக் காரணம் இந்தத் தீட்டு. அதை வைத்து ஈடிபஸ் குற்றவாளி என்று தீர்ப்பெழுத முடியாது.

இதைத் தெளிவாகக் காண, சோஃபக்ளீஸ் இறந்தபின் கி.மு. 401இல் மேடையேறிய அவருடைய 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்துக்குப் போக வேண்டும். அங்கே கிழட்டு ஈடிபஸ், ஜொகாஸ்டாவின் சகோதரன் கிரியோனிடம் கேட்கிறான்: உன்னை ஒருவன் இப்போது கொல்ல வந்தால், 'நீ என் அப்பனா' என்று விசாரித்துக்கொண்டிருப்பாயா, உடனே திருப்பி அடிப்பாயா? குற்றமில்லை என்று அவ்வளவு உறுதியாக வாதாடியவன், சற்று நேரம் கழித்து மகள்களை மீட்டுத் தந்த ஏதென்ஸ் மன்னன் தீசியஸின் கையைத் தொட நீட்டிய கையை இழுத்துக்கொள்கிறான் (1130 முதல்). தீட்டுப்பட்ட நான் உன்னை எப்படித் தொடுவேன் என்கிறான். குற்றம் இல்லை, ஆனாலும் தொடக் கூடாது. இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கின்றன. எனக்கு இந்த ஒரு கையசைவு, பல பக்க விளக்கத்தைவிடப் பெரியது.

ஈஸ்கிலஸும் தெய்வத்தையும் மனிதனையும் சேர்த்தே நிறுத்துகிறார். 'அகமெம்னன்' நாடகத்தில் கணவன் அகமெம்னனைக் கொன்ற கிளைடெம்னெஸ்ட்ரா, கொன்றது நான் இல்லை, இந்த வீட்டின் பழிவாங்கும் ஆவி என்கிறாள். நீ குற்றமற்றவள் என்று யார் சாட்சி சொல்வார் என்று கேட்கும் கோரஸ் (மேடையில் சேர்ந்து பாடிப் பேசும் குழு), ஆவி வேண்டுமானால் உடந்தையாக இருந்திருக்கலாம் என்கிறது (1505–1508).

இனி மூன்றாவது கட்டம். விசாரணையை நடத்து என்று எந்த வாக்கும் ஈடிபஸை நெருக்கவில்லை, கொலைகாரனை விரட்டு அல்லது கொல் என்பதோடு சரி. டெல்ஃபியிலிருந்து கிரியோன் கொண்டுவந்த செய்தியை எல்லோர் முன்னும் சொல்லச் சொன்னது அவன். கொலைகாரனைச் சபித்தது அவன். லாயஸைக் கொன்றவர்கள் 'கொள்ளையர்கள்' என்று கிரியோன் பன்மையில் சொல்ல (122), அடுத்த வாயில் ஈடிபஸ் 'கொள்ளைக்காரன்' என்று ஒருமையில் கேட்கிறான் (124). பின்னால் அவனுடைய நம்பிக்கை முழுக்க, ஒருவன் பலராக முடியாது என்ற இந்த எண்ணிக்கையில்தான் தொங்கும் (842–847). பல மொழிபெயர்ப்புகள் இதைக் கவனிக்காமல் சமன் செய்துவிடுகின்றன. அப்படிச் செய்தால் கயிறு அறுந்துபோகும்.

ஜொகாஸ்டா நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறாள். நிறுத்தவில்லை. கடைசியில், ஈடிபஸின் பிறப்பை அறிந்த இடையன், சொல்லக் கூடாததன் விளிம்பில் நிற்கிறேன் என்கிறான். அதற்கு ஈடிபஸ்: "நானும் கேட்கக் கூடாததன் விளிம்பில், ஆனாலும் கேட்டாக வேண்டும்" (1169–1170).

பிறகு கண்கள். குருடனாவான் என்று குறிசொல்லும் டைரீசியஸ் முன்பே சொன்னதுண்டு, ஆனால் யார் கையால் என்று சொல்லவில்லை. அரண்மனைக்குள்ளிருந்து வரும் ஆள், இது தெரிந்து செய்தது, தெரியாமல் அல்ல என்கிறான் (1230). கோரஸ் கேட்கும்போது ஈடிபஸ் பதில் சொல்கிறான்: என் துன்பங்களை நடத்தி வைத்தது அப்பல்லோ, கண்ணைக் குத்தியது வேறு யாருமல்ல, என் கை (1329–1332). அந்த 'என் கை'க்குக் கிரேக்கத்தில் ஆட்டோகெயிர். லாயஸைக் கொன்ற கையைத் தேடும்போது 266ஆம் வரியில் அவன் சொன்னதும் இதே சொல்தான்.