எலக்ட்ரான் உலோகத்திலா, ஈனியிலா?

கோபால்ட் அணைவுச் சேர்மங்களின் எலக்ட்ரான் அமைப்பை ஆராய்வது பல ஆண்டுகளாக என் பணி. உலோகத்தோடு பிணைந்து நிற்கும் மூலக்கூறுகளையும் அயனிகளையும் ஈனிகள் என்போம். அம்மோனியா, குளோரைடு போன்ற ஈனிகள் இருந்தால் உலோகத்தின் ஆக்சிஜனேற்ற எண்ணை, அதாவது அது இழந்ததாகக் கொள்ளும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைத், தாளின் ஓரத்திலேயே கணக்கிட்டுவிடலாம். கேட்டகோலேட் ஈனியோ தானே ஓர் எலக்ட்ரானை இழந்து செமிகுயினோனாகவும், இன்னொன்றையும் இழந்து குயினோனாகவும் மாற வல்லது; ஆகவே அதே கணக்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் வந்து நிற்கும்.

1980-இல் புக்கானனும் பியர்பான்ட்டும் விவரித்த கோபால்ட் சேர்மத்தையே புதிதாக வரும் மாணவர்களுக்கு முதலில் சொல்வேன். பைபிரிடீன் என்ற நைட்ரஜன் ஈனி ஒன்றும் கேட்டகோலேட் வகை ஈனிகள் இரண்டும் கொண்ட அச்சேர்மம், குளிர்ந்த கரைசலில் கோபால்ட்(III), ஒரு கேட்டகோலேட், ஒரு செமிகுயினோன் என்று இருக்கிறது. சூடேறும்போது கேட்டகோலேட்டின் ஓர் எலக்ட்ரான் உலோகத்துக்குப் போய், கோபால்ட்(II) உயர்சுழற்சி நிலையை, அதாவது இணையில்லா எலக்ட்ரான்கள் மிகுந்த நிலையை, அடைகிறது. இரண்டு ஈனிகளும் செமிகுயினோன்களாகின்றன. உலோகத்தைச் சுற்றியுள்ள பிணைப்புகள் நீண்டு தளர்வதாலும் சுழற்சி நிலைகள் பெருகுவதாலும் என்ட்ரோபி கூடுகிறது. வெப்பம் இம்மாற்றத்துக்குத் துணைபோவது அதனால்தான்.

இவற்றில் எந்த நிலை நம் கையில் உள்ளது என்பதை அறிய நான் முதலில் பார்ப்பது உலோகத்தை அல்ல, ஈனியின் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பை. கேட்டகோலேட்டில் அது ஏறக்குறைய 1.35 ஆங்ஸ்ட்ராம், செமிகுயினோனில் 1.29, குயினோனில் 1.22. நல்ல படிகம் கிடைத்துவிட்டால் இந்த வேறுபாடு ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். ஆனால் 1.32 என்று வந்தால் அவசரப்படக் கூடாது: எலக்ட்ரான் இரண்டு ஈனிகளிலும் பரவியிருக்கலாம், அல்லது எக்ஸ் கதிர் இரண்டின் சராசரியை மட்டும் காட்டியிருக்கலாம்.

அந்த இடத்தில் கைகொடுப்பது, இணையில்லா எலக்ட்ரான்களைக் காந்தப்புலத்தில் வைத்துக் கண்டறியும் இ.பி.ஆர். நிறமாலை. கோபால்ட்-59 அணுக்கருவின் சுழற்சி 7/2 என்பதால், குளிர்நிலைச் சேர்மத்தின் இணையில்லா எலக்ட்ரான் எட்டுக் கோடுகளைத் தரும். அவை நெருக்கமாக அமைந்து, நிறமாலையில் அவற்றின் இடத்தைக் குறிக்கும் ஜி மதிப்பும் தனித்த எலக்ட்ரானுக்குரிய 2-ஐ ஒட்டி இருந்தால், அந்த எலக்ட்ரான் பெரும்பாலும் ஈனியில்தான் இருக்கிறது. இத்துறையில் இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது. அந்த எட்டுக் கோடுகள் திரையில் விரியும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சி பொங்குகிறது.

கணினிக் கணக்கீட்டை நான் கடைசியில்தான் வைப்பேன். எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணக்கிடும் அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டில், துல்லியப் பரிமாற்றம் என்ற ஆற்றல் உறுப்பின் பங்கை நாமே தேர்கிறோம். அதைக் கூட்டினால் உயர்சுழற்சி நிலை தாழ்ந்த ஆற்றலுடையதாகத் தெரியும். குறைத்தால் தாழ்சுழற்சி நிலை முந்திக்கொள்ளும். விடை இப்படி நம் தேர்வைப் பொறுத்து மாறுவதால் அதை அளவீட்டோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். எனவே, எந்த வெப்பநிலையில் படிக அமைப்பும் காந்த அளவீடும் எடுக்கப்பட்டன என்று குறிக்கப்படாத சேர்மத்துக்குக் கணக்கீட்டைத் தொடங்க நான் ஒப்புவதில்லை. இயன்றவரை, குளிரிலும் அறை வெப்பநிலையிலும் ஒரே படிகத்தை அளந்து வருமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.