ஹெல்லாவுக்குக் கிடைக்காத இடம்

'பிக்' என்று சொல்லித் திருப்தியடையாத ஆங்கிலக்காரர்கள் செய்து வைத்த சொற்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம். ஜைஜான்டிக், இனார்மஸ் இரண்டையும் ஒட்டுப்போட்டு 'ஜைனார்மஸ்' ஆக்கியிருக்கிறார்கள். நேற்றைய பிள்ளைகள் கிளப்பிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்தால் 1940-களிலேயே பிரிட்டிஷ் படைவீரர்கள் வாயில் புழங்கிய சொல்! மெரியம்-வெப்ஸ்டர் அகராதிக்குள் நுழையத்தான் 2007 வரை ஆகிவிட்டது.

நல்லதைச் சொல்லவும் கெட்ட வார்த்தையைத்தான் தேடுவார்கள். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பக்கம் ஒன்று பிரமாதமாக இருந்தால் 'விக்கிட் குட்'; விக்கிட் என்றால் கொடிய என்று பொருள். நாம் 'பயங்கர அழகு' என்கிறோமே, அதே கதைதான்.

ஆனால் என் செல்லம் 'ஹெல்லா'. வட கலிபோர்னியாவில் எதையும் தூக்கிக் காட்ட இதை முன்னால் போட்டால் போதும்: ஹெல்லா கூல், ஹெல்லா டிராஃபிக். 2010-ல் அங்கே ஒரு இயற்பியல் மாணவர், 1-க்குப் பின்னால் 27 சுழியம் வரும் அளவுக்கு கிலோ, மெகா மாதிரி 'ஹெல்லா' என்றே அதிகாரபூர்வ முன்னொட்டு வைக்கச் சொல்லி இணையத்தில் ஆதரவு திரட்டினார். கூகுள் தன் கணிப்பானில் சேர்த்தும்விட்டது. அப்புறம் 2022-ல் சர்வதேச அளவை மாநாடு கூடி வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ரோன்னா'. சப்பென்று ஆகிவிட்டது.

அந்தக் கணக்கில் பூமியின் நிறை சுமார் 6 ரோன்னாகிராம். 6 ஹெல்லாகிராம் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்!