ஒரு மஞ்சள் ரோஜா

ஏப்ரல் 13

பிளாக்ஸ்பர்க் வந்து எனக்கு இது முதல் ஏப்ரல். 2007 ஏப்ரல் 16 காலையில் இந்த வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக வளாகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது நான் கோபிக்குப் பக்கத்தில் ஒன்றாம் வகுப்பு. "அமெரிக்காவுல நம்மூரு வாத்தியாரச் சுட்டுட்டாங்களாம்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டது மட்டும் மனதில் நிற்கிறது. அவர் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன், கோபிச்செட்டிபாளையத்துக்காரர். தடப்பள்ளி வாய்க்கால் ஓடுகிற ஊரிலிருந்து வந்து இங்கே கால் நூற்றாண்டு நீரியல் நடத்தியவர். நானும் இங்கே அதைத்தான் படிக்கிறேன்.

சாயங்காலம் வளாகத்து நடுவில் இருக்கிற டிரில்ஃபீல்ட் புல்வெளியில் நின்று பார்த்தேன். பர்ரஸ் ஹால் முன்னால் அரைவட்டமாக 32 கற்கள், கல்லுக்கு ஒரு பெயர். இங்கே கட்டடமெல்லாம் எழுப்புகிற அதே சாம்பல் நிற ஹோக்கி கல்தான். முதலில் மாணவர்களே கொண்டுவந்து வைத்தார்களாம், அப்புறம் அந்த ஆகஸ்டில் பல்கலைக்கழகம் நிரந்தரமாக அமைத்தது. நடுகல் மாதிரி என்று தோன்றியது, உடனே மனசு ஒப்பவில்லை. நடுகல் சண்டைக்குப் போய் விழுந்தவர்களுக்கு. இவர்கள் வகுப்புக்குப் போனவர்கள்.

ஏப்ரல் 14

சித்திரை 1. அம்மா போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, "அந்த வாத்தியாருக்கு நம்ம பேரச் சொல்லி ஒரு பூ வெச்சுட்டு வா கண்ணு" என்றார்.

ஏப்ரல் 16, இரவு 1 மணி

நள்ளிரவு 12 மணிக்கு மெழுகுவத்தி ஏற்றினார்கள். சீருடையில் கேடட்கள் காவல் நின்றார்கள், 32 நிமிடம். காற்று முகத்தில் அறைந்தது, ஒருவரும் பேசவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் ஒரு பெயரை எழுத்து எழுத்தாகத் தடவினார், திரும்பவும் முதல் எழுத்துக்கு வந்தார்.

ஏப்ரல் 16, மதியம்

காலை 9:43-க்கு மலர்வளையம் வைத்தார்கள். அந்த நேரத்தில்தான் நாரிஸ் ஹாலில் 206-ஆம் அறையில் லோகநாதன் சார் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவரும் அந்த வகுப்பில் 9 மாணவர்களும் போய்விட்டார்கள், அதில் இந்தோனேசியாவிலிருந்து வந்த பையன் ஒருவன். 204-இல் பேராசிரியர் லிவியு லிப்ரெஸ்கு, 76 வயது, நாஜிக்கள் காலத்தில் உயிர் பிழைத்த ருமேனிய யூதர், கதவைத் தன் உடம்பால் அடைத்து நின்றார், பெரும்பாலான பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பினார்கள், அவரும் மும்பைப் பெண் ஒருத்தியும் போய்விட்டார்கள். அந்த மாடியிலேயே 2009-இல் அமைதிக்கும் வன்முறைத் தடுப்புக்கும் ஒரு மையம் திறந்தார்கள். அங்கே பிரெஞ்சு நடத்திக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்ட ஆசிரியையின் கணவர்தான் அதன் முதல் இயக்குநர். அந்த வாசலுக்குள் திரும்பிப் போய் வேலை பார்க்க எப்படிப்பட்ட மனசு வேண்டும்.

சுட்டவன் பெயர் இந்த நான்கு நாளில் ஒருமுறைகூட என் காதில் விழவில்லை. அதுதான் சரி, நானும் எழுதப்போவதில்லை.

சார் கல்லில் மஞ்சள் ரோஜா ஒன்று வைத்தேன். "சார், எனக்கும் ஊர் கோபிதான்" என்று தமிழில் சொன்னேன்.

ஏப்ரல் 17

நேற்று இரவு 11:59-க்கு மெழுகுவத்தியை அணைத்தார்கள். அதன் சுடரைப் பர்ரஸ் ஹாலுக்குள் எடுத்துப் போனார்கள்.

அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். ரொம்ப நேரம் பார்த்திருப்பார் போல, அப்புறம்தான் கூப்பிட்டார்.

"பக்கத்துக் கல்லெல்லாம் யாரு கண்ணு?"

"கூடச் செத்தவங்கம்மா."

"அவங்களுக்கு வெச்சியா?"

வைக்கவில்லை. கடை 9 மணிக்குத் திறக்கும், 31 பூ வாங்க வேண்டும்.