ரோஷ்ஃபோர்ட் 10: இருபதுக்கு எத்தனை?

பெல்ஜியத்தில் ஒவ்வொரு பியருக்கும் தனிக் கோப்பை உண்டு. டுவெல் கேட்டால் வயிறு பருத்த கோப்பை வரும், ஓர்வால் கேட்டால் கால் வைத்த கனமான கிண்ணம் வரும். அந்தக் கோப்பை கழுவப் போயிருந்தால், “கொஞ்சம் காத்திருக்கிறீர்களா, வேறு ஏதாவது தரட்டுமா?” என்று கேட்கிற கஃபேக்கள் இங்கே சாதாரணம். லூவனில் குடியேறிய புதிதில் இந்த ஊரில் எனக்கு முதலில் பிடித்துப்போனது இந்த அக்கறைதான்.

வந்தது நவம்பரில். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். வீட்டைப் பதிவு செய்த பிறகு, நாம் உண்மையிலேயே அங்கே குடியிருக்கிறோமா என்று பார்க்க வட்டாரக் காவலர் வந்து போவார். மருத்துவக் காப்பீடு, வங்கி அட்டை, குப்பைக்குத் தனித்தனி நிறத்தில் பைகள். இவையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரியாகிவிட்டன. சரியாகாமல் கிடந்தது பேச்சு. டச்சு வகுப்பில் படித்ததைப் பேசிப் பழக இடம் வேண்டும். அலுவலகத்தில் நான் தடுமாறுவதைப் பார்த்ததும் எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், அதுவும் அன்பினால்தான். தெருமுனைக் கஃபேயில் வயதானவர்கள் மாறவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்தான் என்னை அங்கே கூட்டிப் போனார். அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. குடித்த பியருக்கெல்லாம் மதிப்பெண் போட்டு வைத்திருப்பார், இருபதுக்கு. இங்கே பல்கலைக்கழகத்திலும் இருபதுக்குத்தான் மதிப்பெண். பார்வைக்கு 3, வாசனைக்கு 5, சுவைக்கு 6, வாயில் நிற்கும் கனத்துக்கு 3, விழுங்கிய பின் மிஞ்சுவதற்கு 3. அவர் டச்சில் சொல்லச் சொல்ல நானும் ஒரு நோட்டு போட்டேன். காய்ந்த திராட்சை, கிராம்பு, கசப்பு, பிசுபிசுப்பு என்று வகுப்பில் வராத சொற்களையெல்லாம் கற்றது அந்த நோட்டில்தான்.

மடாலய பியர் என்று பாட்டிலில் எழுதியிருந்தாலே துறவிகள் காய்ச்சியது என்று அர்த்தமில்லை. லெஃப் என்ற பெயர் டினான் நகரத்து மடத்துடையது, ஆனால் பியர் தயாராவது எங்கள் லூவனில், ஸ்டெல்லா ஆர்ட்வா காய்ச்சும் பெரிய ஆலையில். ட்ராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையின் பெயரில் அறுகோண முத்திரை இருந்தால் கதை வேறு. மடத்தின் சுவர்களுக்குள்ளோ அதை ஒட்டியோ காய்ச்ச வேண்டும், துறவிகளின் மேற்பார்வை வேண்டும், வருமானம் மடத்தின் தேவைக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும். 1997இல் தொடங்கிய சங்கம் இந்த விதிகளைக் காக்கிறது. ஆஹெல் மடத்தில் துறவிகள் இல்லாமல் போனதும் 2021இல் அந்த பியருக்கு முத்திரை போய்விட்டது.

நான் அதிகம் எழுதி வைத்திருப்பது அந்த முத்திரை உள்ள ரோஷ்ஃபோர்ட் பற்றி. தெற்கே பிரெஞ்சு பேசும் நமூர் மாகாணத்தில், சென் ரெமி மடத்தில் காய்ச்சுகிறார்கள். அங்கே பியர் காய்ச்சியதற்கு 1595 முதல் சான்று இருக்கிறது. எண்ணிட்டவை 6, 8, 10 என்று மூன்று வகை, முறையே சிவப்பு, பச்சை, நீல மூடிகள். இந்த எண்கள் சாராயச் சதவீதம் இல்லை, நொதிக்கும் முன் சாறு எவ்வளவு அடர்த்தி என்பதை அளந்த பழைய பெல்ஜிய அளவிலிருந்து வந்தவை. சதவீதம் என்று பார்த்தால் 6க்கு 7.5, 8க்கு 9.2, 10க்கு 11.3.

10இன் நீல மூடியைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரமாவது வெளியே வைக்க வேண்டும். பன்னிரண்டு, பதினான்கு டிகிரியில்தான் வாசனை திறக்கும், சில்லென்று குடித்தால் இனிப்பும் சூடும் மட்டுமே தெரியும். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்த பியர் என்பதால் அடியில் ஈஸ்ட் தங்கியிருக்கும். கோப்பையைச் சாய்த்து ஒரே சீராக ஊற்றி, அடியில் ஒரு விரல் அளவு விட்டுவிடுவேன்.

கண்ணுக்குக் கரும்பழுப்பு, விளக்குக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் சிவப்பு. நுரை மங்கிய காப்பி நிறம், ஆனால் நான் ஊற்றியவரை சீக்கிரம் அடங்கிவிடுகிறது. இன்னொரு ட்ராப்பிஸ்ட் பியரான வெஸ்ட்மால் ட்ரிப்பெல்லின் வெண்ணுரை கோப்பை தீரும்வரை சுவரில் ஒட்டி நிற்கும். அதனால் 3க்கு 2. வாசனைக்கு முழு 5. காய்ந்த திராட்சை, அத்திப்பழம், கொஞ்சம் சாக்லேட், பின்னால் கிராம்பு. இத்தனைக்கும் பழமோ கிராம்போ அதில் போடுவதில்லை. சற்றுக் கூடுதலான வெப்பத்தில் நொதிக்கும் அந்த ஈஸ்ட் உண்டாக்குவது ஒரு பகுதி, மால்ட்டும் (முளைவிட்டு உலர்த்திய பார்லி) சர்க்கரையும் தருவது மறு பகுதி.

இந்த வாசனையில் எனக்குப் பிடிபடாத ஒன்று பாக்கி இருந்தது. அதைப் பிடித்தவர் அப்பா. கோடையில் எங்களோடு இருக்க வந்திருந்தார். எங்களுக்கு உடன்குடிப் பக்கம், பனைக்கு நடுவே வளர்ந்தவர். கோப்பையை வாங்கி முகர்ந்துவிட்டு, “ஏல, இதுல கருப்பட்டி வாசம்லா அடிக்கி” என்றார். அதேதான். கரும் மடாலய பியர்களில் காய்ச்சிக் கறுத்த சர்க்கரை சேர்ப்பது இங்கே பழைய வழக்கம். சர்க்கரை ஏறக்குறைய முழுதும் நொதித்துவிடுவதால் போதை கூடும், ஆனால் பியர் பாகு போலக் கெட்டியாகாது. நிறமும் அந்தப் பாகு வாசமும் மட்டும் தங்கிவிடும். பதநீரைக் காய்ச்சும்போது வாணலியில் நடப்பதும் பீட்ரூட் சர்க்கரையைக் கறுக்கக் காய்ச்சும்போது நடப்பதும் ஏறக்குறைய ஒரே வேலை.

“சாமியாருவளே காய்ச்சுதாங்களா?” என்று அப்பா கேட்டார். அவர்கள் மேற்பார்வையில்தான் என்று சொல்லி, விதிகளையும் சொன்னேன். பெல்ஜியத்தின் பியர் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “அப்ப நம்மூர்ல கள்ளு எறக்குனா மட்டும் ஏம்ல கேசு போடுதான்?” என்றார். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. அதே மாநிலத்தில் 2003 முதல் மதுக்கடைகளை நடத்துவது அரசின் டாஸ்மாக். பனையேறிகளின் பிழைப்பு போனதை அப்பா கண்ணால் பார்த்தவர். மரத்தையும் தண்ணீரையும் பருவத்தையும் அறிந்தவர்கள் இறக்கிய பானத்தைக் குற்றமாக்கிவிட்டு, ஆலைச் சரக்கை வரிசையில் நின்று வாங்க வைத்தது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஊரில் இருந்தபோது இது எனக்கு இவ்வளவு உறைக்கவில்லை.

இங்கும் சட்டம் குடியை வளைத்திருக்கிறது. 1919இல் வந்த வாண்டர்வெல்டு சட்டம், கஃபேக்களில் சாராய வகைகளை விற்பதைத் தடை செய்தது. 1983 வரை அது நீடித்தது. கடுஞ்சரக்கு கிடைக்காத இடத்தில் கடுமையான பியருக்கு மவுசு கூடியதில் அந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு என்பார்கள்.

சரி, சுவைக்கு வருகிறேன். முதலில் இனிப்பு, உடனே வறுத்த மால்ட்டின் லேசான கசப்பு, அதன் பிறகு தொண்டையில் சூடு. 6க்கு 5. கனத்துக்கு 3. மிஞ்சும் சுவைக்கு 2தான் போட்டேன், கோப்பை பாதியைத் தாண்டியதும் சூடு பழ வாசத்தை மூடிவிடுகிறது. மொத்தம் 17. உலகெங்கும் பியர் பிரியர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் பியருக்கு இது குறைவு என்று ஆசிரியர் முறைத்தார். அவர் 19 போட்டவர். நான் பச்சை மூடிக்காரன். ரோஷ்ஃபோர்ட் 8இல் வாசனை கொஞ்சம் அடக்கம், அதற்கு 4. ஆனால் சுவைக்கு முழு 6, மிஞ்சுவதற்கு முழு 3. அது 18.

வேகத்தையும் சொல்ல வேண்டும். 33 சென்டிலிட்டர் ரோஷ்ஃபோர்ட் 10இல் ஏறக்குறைய 29 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, இங்குள்ள கணக்கில் மூன்று சாதாரண கிளாஸ். ஒரு பாட்டிலுக்கு ஒரு மணி நேரம், கூடவே கடுகு தொட்டுக்கொள்ள சீஸ் துண்டுகள், அதற்கு மேல் இல்லை. வண்டி ஓட்டுகிறவர் குடிக்கமாட்டார். அவரை இங்கே ‘பாப்’ என்பார்கள், 1995இல் தொடங்கிய பிரசாரத்தின் பெயர் அது. பாப் யார் என்று முடிவு செய்த பிறகுதான் முதல் பாட்டில் மேசைக்கு வரும்.

அப்பாவுக்கு அந்த மடத்தைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. ஜெமெல் வரை ரயிலில் போனோம். ஆலைக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை, மடத்தை வெளியிலிருந்துதான் பார்த்தோம். பக்கத்திலேயே சுண்ணாம்புக்கல் குவாரி. அதை ஆழப்படுத்தினால் பியர் காய்ச்சும் திரிதேன் ஊற்று கெட்டுவிடும் என்று துறவிகள் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். 2021இல் லியேஜ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கல் குவாரியும் நிலத்தடி நீரும் என்று நான் சொல்லத் தொடங்கியதுமே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது, நம்மூர்க் கிணறுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே ஊருக்குள் நடந்தார். அங்கே ஒரு கஃபேயில் ரோஷ்ஃபோர்ட் 8 ஒன்றை இருவரும் பகிர்ந்தோம். அவர் போட்ட மதிப்பெண் 16. இனிப்பு போதாதாம்.

அடுத்து நோட்டில் ஏறப்போவது ஓர்வால். 6.2 சதவீதம்தான், ஆனால் கடைசியில் சேர்க்கும் காட்டு ஈஸ்ட் பாட்டிலுக்குள் மாதக்கணக்கில் வேலை செய்து சுவையை மாற்றிக்கொண்டே இருக்கும். புதிதாக ஒன்றும் ஆறு மாதம் கிடந்த ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். பழைய பாட்டில் அவருடைய நிலவறையில் தயாராக இருக்கிறது, புதியதை நான் வாங்க வேண்டும்.