முதலில் அடித்த அலாரம்

கடலில் இருந்த ஒரு கப்பலின் செகண்ட் ஆபீசர் சாட்டிலைட் போனில் பேசினார். ரேடார், எக்டிஸ் என்ற மின்னணுக் கடல் வரைபடம், கப்பல்கள் ஒன்றையொன்று அடையாளம் காண உதவும் ஏஐஎஸ், பயண விவரங்களைப் பதிவு செய்யும் வாயேஜ் டேட்டா ரெக்கார்டர் எல்லாவற்றிலும் அலாரம், கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் எதுவுமே சரியில்லை என்றார். இரவு 12 முதல் 4 வரை அவருடைய வாட்ச், அதாவது பிரிட்ஜில் பொறுப்பு நேரம். குரலிலேயே களைப்பு தெரிந்தது.

கப்பல் கருவிகளின் பழுதைக் கரையிலிருந்து கவனிக்கும் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்திருந்த பொறியாளர் அதற்குள் நான்கு கருவிகளுக்கும் உதிரிபாகப் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். போனை வாங்கி, "முதலில் எந்த அலாரம் வந்தது?" என்று மட்டும் கேட்டேன். பட்டியலை நேரத்தோடு வாசித்தார். முதல் வரியில் ஜிபிஎஸ். மற்றதெல்லாம் அடுத்த சில விநாடிகளில். கப்பல் இருக்கும் இடத்தை எல்லாக் கருவிகளும் அந்த ஒரே ரிசீவரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தன.

இரண்டாவது ஜிபிஎஸ்ஸுக்கு மாற்றச் சொன்னேன். அலாரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கரை ரேடாரில் தெரிந்ததால், ஒரு முனையின் தூரத்தையும் திசையையும் எடுத்து ஒப்பிட்டுவிட்டு நம்புங்கள் என்றேன். அதைச் செய்யாமல் நான் போனை வைப்பதில்லை.

அப்புறம் மல்டிமீட்டர். பழுது என்று நினைத்த முதல் ரிசீவர், கேபிள் வழியாக மேலே இருக்கும் ஆன்டெனாவுக்கு 5 வோல்ட் அனுப்ப வேண்டும். கேபிளைக் கழற்றினால் 5 வோல்ட் இருந்தது. மாட்டினால் 2க்குக் கீழே இறங்கியது. ரிசீவர் நன்றாகத்தான் இருக்கிறது, மேலே எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது என்பது புரிந்தது.

சிக்கல் இதற்குப் பிறகுதான். செகண்ட் ஆபீசரை உடனே மாஸ்டில், அதாவது ஆன்டெனா இருக்கும் உயரமான கம்பத்தில், ஏறிச் சரிசெய்யச் சொல்லுங்கள் என்று கப்பல் நிர்வாக அலுவலகம் நெருக்கியது. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ரேடாரை நிறுத்தாமல் மாஸ்டில் ஏறக்கூடாது. கரைக்குப் பக்கத்தில், அதுவும் இரவில், அதை எப்படி நிறுத்துவது? கடல் பயணப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் விதி கேட்பது வேலை செய்யும் ஒரு ரிசீவரைத்தான், அது இருக்கிறது. துறைமுகம் வரட்டும், எங்கள் ஆள் ஏறுவார் என்று எழுதிக் கொடுத்தேன். அவர்களுக்குக் கோபம்தான். ஆனால் கருவியைப் பற்றிப் பேசும்போது அதன் முன்னால் தூக்கமில்லாமல் நிற்கிற மனிதரை மறந்துவிட்டால், மேலாளர் என்று அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து பயனில்லை.

துறைமுகத்தில் கனெக்டரைத் திறந்தால் உள்ளே பச்சைப் பாசி போலச் செம்பு பூத்திருந்தது. முன்பு மாட்டியவர்கள் மேலே ரப்பர் டேப் சுற்றவே இல்லை. புதுக் கனெக்டர் போட்டு, அரை அடி கேபிளை வெட்டி, டேப் சுற்றி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

செகண்ட் ஆபீசர் கப்பலைவிட்டு இறங்கும் முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். கேபிளோடும் கேபிள் இல்லாமலும் வர வேண்டிய வோல்ட் அளவை எழுதி, ரிசீவரின் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறாராம், அடுத்து வருபவருக்காக.